எல்லைக்கோடு தண்ணீரில் போகும் இடம்: இத்தாலி–சுவிஸ் ஏரிகளுக்கு ஒரு வார வழிகாட்டி

லுகானோ ஏரியில், காந்த்ரியா என்ற சின்னஞ்சிறு ஊரின் துறையை விட்டுப் படகு கிழக்கே நகர்ந்த சிறிது நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், இத்தாலிக்கு நல்வரவு சொல்லி ஒரு குறுஞ்செய்தி. நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் இருந்ததும் பச்சைத் தண்ணீர்தான், பின்னால் இருந்ததும் அதே பச்சைத் தண்ணீர்தான். நாடு மாறிய விஷயம் கைப்பேசிக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஆல்ப்ஸ் மலையின் தெற்குச் சரிவில் பழைய பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்களில் மூன்று பெரிய ஏரிகள் கிடக்கின்றன. மேற்கே மஜ்ஜோரே. சுமார் 212 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த ஏரியில் வடக்கு முனையின் ஐந்தில் ஒரு பங்கு சுவிட்சர்லாந்துக்கு, மீதி இத்தாலிக்கு. நடுவே, கை கால்களைக் கண்டபடி நீட்டிப் படுத்திருப்பவரைப் போன்ற லுகானோ. இதில் பெரும்பங்கு சுவிஸ். கிழக்கே தலைகீழ் 'ஒய்' வடிவத்தில் கோமோ. அது முழுக்க இத்தாலி என்றாலும், அதன் தென்மேற்கு முனையில் உள்ள கோமோ நகரம் எல்லையை ஒட்டியே இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் மிலானிலிருந்து காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு ஓடிவந்து, கோமோ ஏரிக்கரையிலுள்ள பெல்லாஜியோவில் நான்கு படம் எடுத்துவிட்டு மாலையே திரும்பிவிடுகிறார்கள். அந்த ஓட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏழெட்டு நாள் ஒதுக்கினால் மிலானில் தொடங்கி மூன்று ஏரிகளையும் ஒரு வட்டமாகச் சுற்றி மிலானுக்கே திரும்பலாம். ஒருமுறை ரயிலிலும், ஒருமுறை பஸ்ஸிலும், விரும்பினால் படகிலும் எல்லையைக் கடப்பீர்கள். கார் தேவையில்லை. கரையோரச் சாலைகள் குறுகியவை, நிறுத்த இடம் கிடைக்காது, சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏறினால் 40 பிராங்க் ஆண்டுக் கட்டண வில்லை வேறு வாங்க வேண்டும்.

முதலில் காகிதங்கள்

இத்தாலி, சுவிட்சர்லாந்து இரண்டும் ஷெங்கன் பகுதி. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஒரே விசா இரண்டுக்கும் போதும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில் விண்ணப்பியுங்கள். சரிசமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. சூரிச்சிலோ பேர்னிலோ வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு பி அல்லது சி வகை வதிவிட அட்டை இருந்தால் விசா வேண்டாம். ஆனால் அட்டையோடு செல்லுபடியாகும் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 'பக்கத்து ஏரிக்குத்தானே' என்று வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். எல்லை ஊரான கியாசோ வழியாகப் போகும் ரயில்களில் எல்லைக் காவலர்கள் ஏறிப் பார்ப்பது உண்டு.

ஆள் நுழைவதற்கு எல்லை இல்லாவிட்டாலும் சரக்குக்கு உண்டு. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. 2025 முதல் ஆளுக்கு 150 பிராங்க் மதிப்புவரைதான் வரியில்லாமல் உள்ளே கொண்டுபோகலாம். இறைச்சி ஒரு கிலோவுக்கு மேல் கூடாது. அதே காரணத்தால் கைப்பேசியிலும் கவனம் தேவை. இத்தாலியில் வாங்கிய சிம் பல திட்டங்களில் சுவிட்சர்லாந்தில் தனிக் கட்டணம் கேட்கும். இத்தாலியக் கரையில் உட்கார்ந்திருக்கும்போதே அது எதிர்க்கரை சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளவும் கூடும். எல்லையோரத்தில் ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

பிராங்க், யூரோ இரண்டிலும் கொஞ்சம் சில்லறை இருக்கட்டும். லுகானோ கடைகளில் யூரோவும் வாங்குவார்கள், ஆனால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான், மீதியும் பிராங்கில்தான் வரும்.

எப்போது போவது

ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. நவம்பரில் தீவுகளும் மாளிகைத் தோட்டங்களும் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திவிடும், படகுகளும் குறைந்துவிடும். என்னைக் கேட்டால் மே முதல் பாதி அல்லது செப்டம்பர் பிற்பாதி. ஆகஸ்டைத் தவிர்க்கலாம். ஆகஸ்ட் 15 இத்தாலியர்களின் பெரிய விடுமுறை, நாடே ஏரிக்கரைக்கு வந்துவிடும். அதே மாதம் மஜ்ஜோரேயின் சுவிஸ் முனையில் உள்ள லொகார்னோவில் 1946 முதல் நடந்துவரும் திரைப்பட விழா. அந்த நாட்களில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

படகு அட்டவணையைப் படிக்கும் வித்தை

இந்த வழிகாட்டியில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

ஒவ்வொரு துறையிலும் ஒட்டியிருக்கும் கால அட்டவணையில் 'ஃபெரியாலே', 'ஃபெஸ்திவோ' என்று இரண்டு சொற்கள் வரும். முதலாவதன் ஒலியைக் கேட்டால் விடுமுறை என்று தோன்றும். நேர்மாறு. ஃபெரியாலே என்றால் வேலை நாள், சனிக்கிழமையும் அதில் சேரும். ஃபெஸ்திவோ என்றால் ஞாயிறும் பண்டிகை நாளும். ஒரு சனிக்கிழமை மாலை நான் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு, இன்னும் ஒரு படகு இருக்கிறது என்ற தெம்பில் ஐஸ்கிரீம் வாங்கி ஆற அமரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருட்டத் தொடங்கியதும் துறையில் என்னையும் இரண்டு வாத்துகளையும் தவிர ஒருவரும் இல்லை. அன்றிரவு டாக்சிக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு வேளை விருந்து சாப்பிட்டிருக்கலாம்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். துறையில் இறங்கியவுடன் முதல் வேலை, அங்கிருந்து திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்வது. அதிலிருந்து பின்னோக்கி அன்றைய திட்டம். கடைசிப் படகு பல துறைகளில் நாம் எதிர்பார்ப்பதைவிட முன்னதாகவே போய்விடும். வெயில் காலத்து நீண்ட மாலை ஏமாற்றிவிடும். இன்னொரு சொல் 'ஷோப்பெரோ', வேலைநிறுத்தம். இத்தாலிய ரயில்களில் இது முன்கூட்டியே அறிவிக்கப்படும். எல்லை கடக்கும் நாளுக்கு முந்தைய இரவு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் இரண்டு நாள்: ஸ்திரேசா

மஜ்ஜோரேயின் இத்தாலியக் கரையில் இருக்கும் ஊர், மிலானிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். இத்தாலியில் காகிதத்தில் அச்சிட்ட உள்ளூர் ரயில் டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம்.

ஸ்திரேசா துறைக்குப் போகும் வழியில் மாலுமித் தொப்பி அணிந்தவர்கள் டிக்கெட் விற்றுக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் தனியார் விசைப்படகுக்காரர்கள். மோசம் என்று சொல்லவில்லை, அவசரக்காரர்களுக்குச் சரிப்படும். தீவுகளுக்கிடையே இஷ்டம்போல ஏறி இறங்க, அவர்களைத் தாண்டிப் போய் பொதுப் படகு அலுவலகத்தில் நாள் டிக்கெட் வாங்குங்கள்.

மூன்று பொரோமெயோ தீவுகளில் எல்லோரும் முதலில் இறங்குவது ஈசொலா பெல்லா. மூன்றாம் கார்லோ பொரோமெயோ தன் மனைவி இசபெல்லாவின் பெயரில், வெறும் பாறையாகக் கிடந்த இந்தத் தீவில் 1632ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய மாளிகை. பத்து அடுக்குத் தோட்டம், வெள்ளை மயில்கள், சிப்பியும் கூழாங்கல்லும் பதித்த நிலவறைக் கூடங்கள். ஹிட்லரின் ஜெர்மனியைச் சமாளிப்பது குறித்து பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி தலைவர்கள் 1935இல் கூடிப் பேசியதும் இங்கேதான். கொஞ்சம் ஆடம்பரம் அதிகம் என்பது என் கருத்து. பண்ணையார் வீட்டுக் கல்யாணப் பந்தல்போல எங்கு பார்த்தாலும் ஒரு சிலை நிற்கிறது.

எனக்குப் பிடித்தது ஈசொலா மாத்ரே. அங்கே மாளிகை முற்றத்தில் ஒரு மரம் இருக்கிறது. பெயர் காஷ்மீர் சைப்ரஸ். 1862இல் வந்த விதையிலிருந்து வளர்ந்தது. பெயரில் காஷ்மீர் இருந்தாலும் இதன் சொந்த ஊர் பூட்டானும் அருணாசலப் பிரதேசமும்தான். 2006 ஜூன் மாதம் ஒரு சூறாவளி இதை வேரோடு சாய்த்தது. வெட்டி விறகாக்காமல், பாரந்தூக்கிகளைக் கொண்டு நிமிர்த்தி, சுற்றிலும் எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். அருகே போய்ப் பார்த்தால் நீல நரை படிந்த கிளைகள் கூந்தல்போலத் தொங்குகின்றன, அவற்றின் நடுவே கம்பிகள் விறைத்து நிற்கின்றன. அரைமணி நேரமாவது அங்கே உட்காருங்கள்.

மூன்றாவது, மீனவர் தீவு. மதியச் சாப்பாடு அங்கே வைத்துக்கொள்ளலாம். பகல் இரண்டரைக்குப் பிறகு பல அடுப்பங்கரைகள் மூடிவிடும், மறுபடி ஏழு மணிக்குத்தான். பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று ஒரு தொகை இருக்கும். ஏமாற்று இல்லை, மேசைக் கட்டணம். சைவர்கள் 'சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே' என்று சொல்ல வேண்டும்: இறைச்சி வேண்டாம், மீனும் வேண்டாம். ரிசோத்தோ என்ற அரிசி உணவை மட்டும் எந்தச் சாற்றில் வேகவைத்தது என்று கேளுங்கள், பெரும்பாலும் இறைச்சிச் சாறாக இருக்கும்.

இரண்டாம் நாளுக்கு இரண்டு வழிகள். செடிகொடிப் பிரியர்கள் படகில் வெர்பானியாவின் வில்லா தாரந்தோ தோட்டத்துக்குப் போகலாம். நீல் மெக்கேகர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1931இல் இடத்தை வாங்கி உருவாக்கியது. பிள்ளைகளோடு வந்தவர்கள் ரயிலில் அரோனாவுக்குப் போங்கள். அதே பொரோமெயோ குடும்பத்துப் புனிதர் கார்லோவின், 1698இல் முடிக்கப்பட்ட செம்புச் சிலை, பீடம் சேர்த்து சுமார் 35 மீட்டர். உள்ளே செங்குத்து ஏணியில் ஏறித் தலைக்குள் நின்று கண் துவாரம் வழியாக ஏரியைப் பார்க்கலாம். உள்ளே புழுக்கம் அதிகம், உயரத்துக்கு அஞ்சுபவர்களுக்கு வேண்டாம். சுதந்திர தேவி சிலையைச் செய்த பார்தோல்டி இதை வந்து பார்த்துப் போயிருக்கிறார்.

பழைய பயண நூல்களில் ஸ்திரேசாவிலிருந்து மொத்தரோனே மலைக்குக் கம்பிவட ஊர்தி என்று இருக்கும். 2021 மே மாதம் 14 உயிர்களைக் குடித்த விபத்தோடு அது நின்றது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மூன்றாம் நாள்: மலையைக் கடக்கும் சின்ன ரயில்

ஸ்திரேசாவிலிருந்து வடக்கே தொமொதோசொலா. அங்கே ரயில் நிலையத்துக்கு அடியில் இறங்கினால் இன்னொரு குட்டி நிலையம் இருக்கிறது. 1923இல் திறக்கப்பட்ட குறுகிய பாதை ரயில் அங்கிருந்து லொகார்னோவுக்குப் போகிறது. 52 கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சுவிஸ் பக்கத்தில் இதன் பெயர் சென்தோவாலி, அதாவது நூறு பள்ளத்தாக்கு. பாலங்கள் மட்டும் 83. பெரிய கண்ணாடி ஜன்னல் வண்டிகளுக்கு இருக்கை முன்பதிவு வேண்டும்; அக்டோபர் நடுவில், மலைச்சரிவு மஞ்சளாகும் காலத்தில் பல நாள் முன்பே நிரம்பிவிடும். சுவிஸ் டிராவல் பாஸ் இத்தாலிய எல்லைக்குள்ளும் தொமொதோசொலாவரை செல்லும்.

லொகார்னோவில் ஒரு முழு நாள்

லொகார்னோவும் லுகானோவும் இருக்கும் திச்சினோ மாநிலத்தில் விடுதி, இளைஞர் விடுதி, முகாம் எங்கே தங்கினாலும் 'திச்சினோ டிக்கெட்' இலவசமாகத் தருவார்கள். தங்கும் நாள் முழுக்க மாநிலத்துக்குள் பஸ்ஸும் ரயிலும் இலவசம், படகுக்கும் மலை ரயில்களுக்கும் தள்ளுபடி. சுவிஸ் விலைகள் கையைக் கடிக்கும் ஊரில் இது பெரிய உபகாரம். வரவேற்பு மேசையில் அவர்களாகத் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

நகரிலிருந்து மதோன்னா தெல் சாசோ தேவாலயத்துக்கு, பழனியில் விஞ்ச் என்போமே, அதே வகை இழுவை ரயில் போகிறது. 1906 முதல் ஓடுகிறது. அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் கர்தாதா, பிறகு தொங்கு நாற்காலியில் 1,671 மீட்டர் உயரமுள்ள சிமெத்தா. வானம் தெளிந்த காலையில் போனால் ஓர் அதிசயம் காத்திருக்கிறது. கீழே தெரியும் ஏரியின் நீர்மட்டம் 193 மீட்டர், சுவிட்சர்லாந்தின் மிகத் தாழ்ந்த இடம். மேற்கே பனி மூடிய மோந்தே ரோசா தொடரில் 4,634 மீட்டர் துஃபூர் சிகரம், நாட்டின் மிக உயர்ந்த இடம். நின்ற இடத்தில் தலையைத் திருப்பினால் இரண்டும். பிற்பகலில் மேகம் ஏறிவிடும், ஆகவே காலையே சரி.

மாலையில் பிரிசாகோ தீவுகளின் தாவரத் தோட்டத்துக்குப் படகில் போய் வரலாம். பயணத்தில் புதன்கிழமை குறுக்கிட்டால் லுயினோ சந்தை. ஐந்தாம் சார்லஸ் பேரரசர் 1541இல் உரிமை கொடுத்த சந்தை. இத்தாலியக் கரையில் இருக்கிறது. பாலாடைக்கட்டி வாங்கும்போது அந்த 150 பிராங்க் கணக்கு நினைவிருக்கட்டும்.

லுகானோ: கடத்தல்காரர்களின் ஏரி

லொகார்னோவிலிருந்து லுகானோவுக்கு மலையைத் துளைத்துப் போகும் புதிய சுரங்கப்பாதையில் அரைமணி நேரம். நகரம் வங்கிகளும் கடிகாரக் கடைகளுமாக இருக்கும். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. நேரே கஸ்தஞ்ஞோலா போய், அங்கிருந்து ஒலிவப் பாதையில் காந்த்ரியாவுக்கு நடங்கள். மூன்றரை கிலோமீட்டருக்குள், ஏரியை ஒட்டியே போகும், ஏற்றம் அதிகம் இல்லை.

காந்த்ரியாவிலிருந்து படகில் எதிர்க்கரைக்குப் போனால் சுங்க அருங்காட்சியகம். சாலை கிடையாது. பழைய எல்லைக் காவல் நிலையம் அது. நுழைவு இலவசம், குளிர்காலத்தில் மூடியிருக்கும், மற்ற மாதங்களில் பிற்பகலில்தான் திறப்பார்கள். இந்தப் பயணத்தில் ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைச் சொல்வேன்.

இந்த மலைகளில் சுமை தூக்கிக் கடத்தியவர்களை ஸ்பல்லோனி, தோள்காரர்கள் என்பார்கள். சாக்குத் துணியில் கட்டிய சதுர மூட்டை, அதன் பெயர் பிரிகோல்லா. இருட்டில் காலடி ஓசை கேட்காமல் இருக்கத் துணிச் செருப்பு. இத்தாலி தன் பக்கம் கம்பி வலை போட்டு மணிகளைக் கட்டியிருந்தது. வலையை யாராவது தொட்டால் மணி அடிக்கும். சிகரெட்டும் காப்பியும் சுவிஸிலிருந்து தெற்கே போயின. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் மட்டும் திசை மாறி, இத்தாலியிலிருந்து அரிசி மூட்டை மூட்டையாக வடக்கே வந்தது. காட்சிப் பொருள்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு குட்டி நீர்மூழ்கி. சலாமி இறைச்சியை ஏரிக்கு அடியில் கடத்தச் செய்தது. பின்கதையைப் படித்துவிட்டு வெளியே வந்து தண்ணீரைப் பார்த்தால் ஏரி வேறு மாதிரித் தெரிகிறது.

திரும்பும் வழியில் கம்பியோனே. நாலாபுறமும் சுவிஸ் நிலமும் நீரும் சூழ்ந்த ஓர் இத்தாலிய ஊர். 2020 ஜனவரி 1 அன்றுதான் இதை ஐரோப்பிய ஒன்றியச் சுங்க எல்லைக்குள் சேர்த்தார்கள். கரையில் மலைபோல நிற்கும் கட்டடம் சுவிஸ் கட்டடக் கலைஞர் மரியோ போத்தா வடிவமைத்த சூதாட்ட விடுதி. 2018இல் திவாலாகி மூடியபோது ஊர் நிர்வாகமே சம்பளம் கொடுக்க முடியாமல் திண்டாடியது; 2022இல் மீண்டும் திறந்தது. ஒரு காப்பி குடிக்கும் நேரம் போதும்.

லுகானோவில் இரண்டாம் நாள் இருந்தால் கப்போலாகோவிலிருந்து மோந்தே ஜெனரோசோவுக்கு ஏறுங்கள். 1,704 மீட்டர் உச்சி, எல்லை அதன் மேலேயே ஓடுகிறது. 1890 முதல் ஓடும் பற்சக்கர ரயில். தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பற்களைக் குனிந்து பாருங்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் இருக்கும் அதே அப்த் முறை. நம் நீலகிரி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவைதான். குன்னூர் ரயிலில் ஏறிய நினைவுள்ளவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிய சத்தம்.

கடைசி இரண்டு நாள்: கோமோ

லுகானோவிலிருந்து மெனாஜியோவுக்கு பஸ், சுமார் ஒரு மணி நேரம். காந்த்ரியாவுக்கு அப்பால் எல்லையைக் கடக்கும். பெட்டியில் வரம்புக்கு மேல் எதுவும் இல்லாவிட்டால் கவலையில்லை. மெனாஜியோவிலிருந்து படகில் எதிர்க்கரை வரென்னா. தங்குவதற்கு நான் சொல்வது வரென்னாதான். பெல்லாஜியோ அழகுதான், விலை இரட்டிப்பு, ரயிலும் கிடையாது. வரென்னாவிலிருந்து பெல்லாஜியோவுக்குக் கால்மணி நேரப் படகு. காலை ஒன்பதுக்கு முன்பு போய், சுற்றுலாக் குழுக்கள் வந்து இறங்கும்போது கிளம்பிவிடுங்கள்.

எதிர்க்கரை ஊரான லென்னோவில் உள்ள வில்லா பல்பியானெல்லோ மாளிகை திங்களும் புதனும் மூடியிருக்கும். அதன் கடைசி உரிமையாளர் குயிதோ மொன்சீனோ 1973இல் இத்தாலியின் முதல் எவரெஸ்ட் பயணக் குழுவை நடத்தியவர். உள்ளே அவருடைய பயணப் பொருள்கள் இருக்கின்றன, அந்த அறைகளுக்குத் தனி டிக்கெட், முன்பதிவு செய்துவிடுங்கள். பலர் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

வரென்னாவுக்குத் தெற்கே இருபது நிமிட நடையில் ஃபியூமெலாத்தே. பெயரை அப்படியே தமிழில் சொன்னால் பாலாறு. மலைக் குகையிலிருந்து நுரைத்து விழுந்து ஏரியில் கலக்கும் இந்த ஆற்றின் மொத்த நீளம் சுமார் 250 மீட்டர். வசந்தம் முதல் இலையுதிர்காலம்வரைதான் ஓடும், பிறகு வறண்டுவிடும். லியொனார்தோ தா வின்சி இதைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். பாலத்தில் நின்றால் காலுக்கடியில் வெள்ளையாக இரைச்சலிடும், பேச்சு கேட்காது.

திரும்பும் ரயில் வரென்னாவிலிருந்து மிலானுக்கு ஒரு மணி நேரம். வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், லெக்கோவரை ஏரி கூடவே வரும்.